பகல்விளக்கும் பாவாடையும்
(கொச்சி வட்டாரக் காட்சியகங்களில் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து)

காக்கநாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காட்டுவதற்கென்று ஒரு வரிசை உண்டு. இடப்பள்ளி மால், மரைன் டிரைவ், ஃபோர்ட் கொச்சியின் சீனவலை, மட்டாஞ்சேரி யூதப் பள்ளி, நேரம் மிச்சமிருந்தால் திருப்பூணித்துறை ஹில் பாலஸ். இதில் கடைசி இரண்டும் அருங்காட்சியகக் கணக்கில் சேரும். ஆனால் அங்கே போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் கிரீடம் என்பார், இன்னொருவர் தரையில் பதித்த நீலப்பூ ஓடு என்பார். இந்த மலருக்கு ஏதாவது ஆராய்ச்சிக் கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, தஞ்சையையும் மாமல்லையையும் பற்றி ஆயிரத்தோராவது கட்டுரை எழுதுவதைவிட, நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் இந்த மண்ணில் கி.பி. 9 முதல் 12 வரையிலான நூற்றாண்டுகள் எப்படிக் காட்டப்படுகின்றன, எப்படி மறைக்கப்படுகின்றன என்று எழுதலாம் எனத் தோன்றியது. இந்தக் காலத்தைத் தொல்லியலார் தொடக்க இடைக்காலம் என்பார்கள். மகோதயபுரத்துச் சேரப் பெருமாள்களின் காலம் என்றால் நமக்கு எளிதில் விளங்கும்.

முதலில் ஹில் பாலஸ். கொச்சி அரச குடும்பம் 1865-இல் கட்டியது. 54 ஏக்கர் வளாகம், 49 கட்டடங்கள். 1986 முதல் பொதுமக்கள் பார்க்கும் அருங்காட்சியகம். சும்மா சொல்லக்கூடாது, கேரளத் தொல்லியல் துறையின் கையில் உள்ளவற்றில் இதுதான் பெரியது. நம்ம பிள்ளைகளுக்கோ அது 'மணிச்சித்ரதாழ்' படம் எடுத்த வீடு. 1993-இல் வந்த அந்தப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த ஆடல்மகள். 2005-இல் அது நமக்குச் சந்திரமுகி ஆயிற்று. கொச்சிக்காரர்கள் மனதில் அந்த மாளிகையோடு ஒட்டிக்கொண்ட தமிழ்க்குரல் எது என்று கேட்டால் நாகவல்லியின் குரல்தான் நினைவுக்கு வரும். அது கற்பனைப் பாத்திரம். உண்மையான பழைய தமிழ்க்குரல் கல்லிலும் செம்பிலும் இருக்கிறது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கூட்டம் கிரீடத்தின் முன்னே நிற்கும். அதைக் குறை சொல்ல முடியாது. தங்கம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். கொச்சி அரசர்கள் அதைத் தலையில் சூடாமல் மடியில் வைத்துக்கொள்வார்களாம் என்ற கதையும் உடன் இருக்கிறது. வட்டெழுத்துக் கல்லுக்கு அப்படி ஒரு கதை சொல்ல யாராவது வேண்டும். இந்த மாவட்டத்திலேயே ஒரு சிறு காட்சிக்கூடத்தில், பெயர் வேண்டாம், அப்படிப்பட்ட ஒரு கல்லின் கீழே "பழைய எழுத்து" என்று மட்டும் ஒரு அட்டை வைத்திருந்ததைப் பார்த்தேன். எந்த எழுத்து, என்ன மொழி, யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று ஒரு வரியும் இல்லை. பழைய எழுத்து என்பது கண்ணுக்கே தெரிகிறதே, அதற்கு எதற்கு ஒரு அட்டை?

இந்தக் காலத்துக்கு நேர்ந்த புறக்கணிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சங்க நூல்கள் பேசும் முசிறியைத் தேடி, கொடுங்கல்லூரில் சேரமான் பறம்பு என்ற மேட்டில் 1945-46-இல் கொச்சி அரசின் தொல்லியல் அலுவலர் அனுஜன் அச்சன் அகழாய்வு செய்தார். 1969-70-இல் இந்தியத் தொல்லியல் துறை சார்பில் கே.வி. இராமன் அந்தப் பகுதியில் அகழ்ந்தார். இரண்டு முறையும் கிடைத்தவை பெரும்பாலும் இடைக்காலப் பொருள்கள், சீனப் பீங்கான் உடைசல் உட்பட. யவனர் சாடி கிடைக்கவில்லை. ஆகவே "முசிறி கிடைக்கவில்லை" என்றே அந்த முடிவுகள் மக்கள் நினைவில் தங்கிவிட்டன. பெருமாள்களின் தலைநகரம் இருந்த இடத்தில் பெருமாள்கள் காலத்துப் பொருள் கிடைத்திருக்கிறது, அதை ஏமாற்றம் என்று எழுதிவைத்தோம்! கிணறு தோண்டியவன் தண்ணீர் வந்ததும் எண்ணெய் வரவில்லையே என்று வருந்திய மாதிரி.

பிறகு வடக்கன் பரவூருக்கு அருகே பட்டணம் கிராமத்தின் தொன்மையை கே.பி. ஷாஜன், வி. செல்வகுமார், ராபர்ட்டா டோம்பர், பி.ஜே. செறியான் ஆகியோர் சேர்ந்து 2004-இல் ஆய்வுலகுக்கு அறிவித்தார்கள். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. உரோமானியச் சாடிகளின் உடைசல், மணிகள், ஒரு மரத்தோணி, தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு என்று வரிசையாகக் கிடைத்தன. 2011-இல் கிடைத்த ஓர் ஓட்டில் 'அமண' என்ற சொல்லை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டியபோது நம் சங்கக் கூட்டங்களிலும் அது பேசப்பட்டது. நல்லது. ஆனால் அதே பட்டணத்தில் மேலடுக்குகளில் மேற்காசியப் பச்சைநீல மெருகுப் பானைகளும் கிடைத்திருக்கின்றன. உரோம் போனபின் பாரசீகம் வந்தது, பிறகு சீனம் வந்தது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை.

இதில் சொல்ல வேண்டிய இன்னொன்று. பட்டணத்தை அடையாளம் கண்ட காலத்தில் செல்வகுமார் திருப்பூணித்துறை ஹில் பாலஸ் வளாகத்தில் இயங்கிய மரபியல் ஆய்வு மையத்தில் பணியில் இருந்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சேர்த்தலை அருகே தைக்கல் என்னும் ஊரில் 2002-03-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட இடைக்கால மரக்கலத்தை ஆராய்ந்த குழுவிலும் அவர் உண்டு. கேரளக் கப்பல் என்றாலே கயிற்றால் தைத்தது என்று படித்திருக்கிறோம். அது இரும்பு ஆணி அடித்த கலம். ஒரே ஒரு கலம் பாடப்புத்தக வரியைத் திருத்திவிடுகிறது. இதெல்லாம் நம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் நடந்த செய்தி.

இப்போது சற்று வெளியே போய்வருகிறேன், பொறுத்தருள வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து 2015-16-இல் "கெல்ட்டுகள்: கலையும் அடையாளமும்" என்று ஒரு கண்காட்சி நடத்தின. நான் கண்காட்சிக்குப் போகவில்லை, ஜூலியா ஃபார்லியும் ஃபிரேசர் ஹன்டரும் தொகுத்த அதன் நூலைத்தான் பார்த்தேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்கள் தங்களைக் கெல்டிக் மக்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். கொடி பின்னிய மாதிரி, முடிச்சுமேல் முடிச்சாக ஓடும் கோலங்கள்தான் கெல்டிக் கலை என்று உலகமே நம்புகிறது. அந்தக் கண்காட்சி தன் தலைப்பையே கேள்வி கேட்டது. கெல்ட்டு என்ற பெயர் கி.மு. 500 வாக்கில் கிரேக்கர்கள் யாரையோ குறித்து எழுதிய பெயர். பிரிட்டன் தீவு மக்களை அந்தப் பழங்காலத்தில் யாரும் அப்படி அழைத்ததாகச் சான்றில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்ட் லூயிட் 1707-இல் வேல்ஷ், ஐரிஷ், பிரெத்தான் மொழிகளின் உறவைக் காட்டிய பிறகே அந்தப் பெயர் அந்த மக்கள்மேல் படிந்தது. கவனியுங்கள், அவரும் ஓர் அருங்காட்சியகக்காரர்தான்.

பொருள்களின் கதை இன்னும் வேடிக்கை. கெல்டிக் கலையின் சின்னமாகக் காட்டப்படும் குண்டெஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரை 1891-இல் டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்தது. செய்யப்பட்ட இடம் தென்கிழக்கு ஐரோப்பாவாக இருக்கலாம் என்கிறார்கள். அதில் யானை இருக்கிறது. சம்மணமிட்டு அமர்ந்த கொம்புத் தலையன் ஒருவனும் இருக்கிறான், மொகஞ்சதாரோ முத்திரையோடு அவனை ஒப்பிட்டவர்கள் உண்டு. டப்ளின் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற தாரா அணியூசி கி.பி. 700 வாக்கில் செய்தது. 1850-இல் கடற்கரையில் கிடைத்தது. அயர்லாந்து அரசர்களின் தாரா மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை வாங்கிய நகைக்கடைக்காரர், பிரதிகள் செய்து விற்பதற்காக அந்தப் பெயரை வைத்தார். இன்றும் அதே பெயர்தான்! கெல்ஸ் நூல், லிண்டிஸ்ஃபார்ன் நூல் ஆகியவற்றின் பின்னல் ஓவியங்களிலோ ஐரிஷ், ஆங்கிலோ-சாக்சன், மத்தியதரைக் கடல் மரபுகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

ஒரு சின்ன விலகல். கெல்டிக் முடிச்சையும் நம் சிக்குக் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, "பார்த்தீர்களா, தமிழன் அயர்லாந்துக்குப் போயிருக்கிறான்" என்று எழுதும் கட்டுரைகள் நம் மலர்களில் வருவதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புள்ளிகளை நிரலாக வைத்துக் கோடு முட்டாமல் சுற்றிவந்தால் எந்த நாட்டுக்காரன் போட்டாலும் அந்த மாதிரி வடிவம்தான் வரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலத்தின் இலக்கணத்தைக் கணித முறையில் ஆராய்ந்தார். நம் வாசலுக்கு அந்தப் பெருமை போதும், அயர்லாந்துப் பயணம் தேவையில்லை.

அந்தக் கண்காட்சியிலிருந்து நமக்கு வேண்டியது வேறு. ஒரு பொருளின்மேல் ஒட்டியிருக்கும் பெயர் எப்போது, யாரால், எதற்காக ஒட்டப்பட்டது என்று பார்வையாளரிடமே சொல்லிவிடும் துணிவு. மட்டாஞ்சேரி யூதப் பள்ளியின் உடைமையான செப்பேட்டுக்கு அந்தத் துணிவோடு அட்டை எழுத வேண்டும் என்றால் என்ன எழுதுவோம்?

பரதேசிப் பள்ளி 1568-இல் கட்டியது. செப்பேடு அதைவிட ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது. சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் எழுந்தருளியிருந்தபோது, யூசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழு உரிமையும் 72 விடுபேறுகளும் வழங்கிய ஆவணம் அது. முயிரிக்கோடு என்றால் கொடுங்கல்லூர், பழைய முசிறி என்ற பெயரின் தொடர்ச்சி. ஆட்சியாண்டை முப்பத்தெட்டு என்று நேராகச் சொல்லாமல் "இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறு" என்ற பாணியில் குறித்திருக்கிறார்கள். பாண்டியர் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த 'எதிர்' பழக்கமானது. கூட்டினால் 38. யூத மரபு இதற்குக் கி.பி. 379 என்று தேதி சொல்லிவந்தது. 1844-இல் இதை அச்சில் ஆராய்ந்த ஹெர்மன் குண்டர்ட்டும் மிகப் பழையது என்றே கருதினார். பின்னர் ஹுல்ட்ஷ் 'எபிகிராஃபியா இண்டிகா' மூன்றாம் தொகுதியில் முறையாகப் பதிப்பித்தார். எழுத்தின் வடிவத்தையும் பெருமாள் வரிசையையும் வைத்து எம்.ஜி.எஸ். நாராயணன் கி.பி. 1000 என்று நிறுவினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான்.

என்ன உரிமைகள்? பகல்விளக்கு: பட்டப்பகலில் விளக்கேந்திப் போகும் கௌரவம். பாவாடை: இதை வாசித்தால் நம்ம வீட்டுச் சிறுமிகள் சிரிப்பார்கள், ஆனால் இங்கே அது நடந்துபோகத் தரையில் விரிக்கும் நடைபாவாடை. குடை, அந்தோளம் என்னும் பல்லக்கு, காகளம் என்னும் ஊதுகொம்பு, வடுகப்பறை, தோரணம். இவற்றோடு காசு சம்பந்தப்பட்ட சலுகைகள். உல்கு வேண்டாம், துலாக்கூலி வேண்டாம். உல்கு என்றால் சுங்கம், திருக்குறளின் பொருட்பாலில் வருகிற அதே சொல். துலாக்கூலி, சரக்கை நிறுத்துக் கொடுப்பதற்கான கட்டணம். பெற்றவருக்கு மட்டுமில்லை, அவர் ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் வழிக்கும் உரிமை தொடரும். வேணாடு, வள்ளுவநாடு போன்ற நாடுகளை ஆண்டவர்கள் சாட்சி.

இனி மொழி. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழி என்ன என்று கேட்டால் உடனே சண்டை. மலையாள நண்பர் பழைய மலையாளம் என்பார். நம் சங்கத்துப் பெரியவர் தமிழ் என்று மேசையைத் தட்டுவார். நான் இரண்டு சொற்களை மட்டும் முன்வைக்கிறேன். பெருமாள் வழங்கினார் என்று சொல்லுமிடத்தில் 'பிரசாதிச்சு' என்ற வடிவம் இருக்கிறது. ஏட்டுத் தமிழானால் 'பிரசாதித்து' என்று வர வேண்டும். மலையாளம் என்பவர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் வினைமுற்று வரும்போது 'குடுத்தோம்' என்று வருகிறது. மலையாளத்தில் இன்று நான் கொடுத்தாலும் நீ கொடுத்தாலும் 'கொடுத்து' ஒன்றே போதும், 'ஓம்' என்ற விகுதி அங்கே உதிர்ந்துபோயிற்று. தமிழ் என்பவர்கள் இதைக் காட்டுவார்கள்.

நான் காட்ட விரும்புவது மூன்றாவது ஒன்று. 'படிச்சு', 'அடிச்சு', 'குடுத்தோம்' என்று நம் வீட்டில் இன்றும் பேசுகிறோமா இல்லையா? செப்பேட்டின் இந்த இரண்டு வடிவங்களும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு சமையலறையில் இன்று காலை ஒலித்திருக்கும். ஏட்டுத் தமிழ் இலக்கணத்தை அளவுகோலாக வைத்தால் செப்பேடு விலகி நிற்பதாகத் தோன்றும். பேச்சை அளவுகோலாக வைத்தால் அது நம் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மலையாளிகளின் திண்ணையிலும் அப்படியே. ஆயிரம் ஆண்டுக்கு முன் மேற்குக் கடற்கரையில் ஒருவர் அரசாணை எழுதும்போது, எழுதுவதற்கென்று இருந்த பொதுத் தமிழையும் வாயில் வந்த பேச்சையும் கலந்தே எழுதினார். நாங்கள் இந்த மலரில் எழுதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கெல்ட்டுக் கதையை அப்படியே இங்கே பொருத்திவிடவும் முடியாது. கெல்ட்டு என்பது பிறர் வைத்த பெயர், தமிழ் என்பது பேசியவர்களே வைத்துக்கொண்ட பெயர். 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த 'லீலாதிலகம்' என்ற மணிப்பிரவாள இலக்கணமே கேரளர் மொழியைத் தமிழ் என்ற பெயரோடு இணைத்துப் பேசுகிறது. குலசேகர ஆழ்வாரும் சேரமான் பெருமாள் நாயனாரும் இந்த மகோதயபுரத்து மரபினராகவே போற்றப்படுகிறார்கள். ஆகவே 'தமிழ்' என்ற சொல்லைச் செப்பேட்டின் அட்டையிலிருந்து விலக்கினால் அது வரலாற்றுப் பிழை. அதேபோல் மலையாளம் கருக்கொள்ளும் தடத்தை அதில் காண மறுத்து "இது நம்ம சொத்து" என்று மட்டும் சொல்வதும் பிழைதான். "மேற்குக் கடற்கரையின் தமிழ், இதிலிருந்து மலையாளம் வளர்ந்தது, எழுத்து வட்டெழுத்து" என்று மூன்று துண்டுகளாக எழுதினால் போதும். அட்டையில் இடம் இருக்கும்.

எழுத்து விஷயத்தில் நமக்கு ஒரு குட்டு வேறு காத்திருக்கிறது. வட்டெழுத்து ஒருகாலத்தில் பாண்டிய நாடு முழுதும் வழங்கியது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் பாண்டிய நாட்டைப் பிடித்தபின் அங்கே அது படிப்படியாக வழக்கொழிந்து, சோழர் கொண்டுவந்த தமிழெழுத்து நிலைத்தது. மலைநாட்டில்தான் வட்டெழுத்து தொடர்ந்து வாழ்ந்து, பின்னர் கோலெழுத்து என்று உருமாறியது. இன்றைய மலையாள எழுத்தோ பல்லவர் காலம் முதல் தமிழ்நாட்டில் வளர்ந்த கிரந்தத்தின் வழி வந்தது. நாம் விட்டதை அவர்கள் வைத்திருந்தார்கள், நாம் வடமொழிக்கு வைத்திருந்ததை அவர்கள் தாய்மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சோழர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. செப்பேட்டின் காலமான கி.பி. 1000-ஐ நினைத்துப் பாருங்கள். தஞ்சையில் இராசராசன் ஆள்கிறான். காந்தளூர்ச்சாலை கலமறுத்தது அவன் மெய்க்கீர்த்தியின் முதல் பெருமைகளில் ஒன்று. 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகமும் 2022-இலும் 2023-இலும் வந்தபோது காக்கநாட்டுத் தியேட்டரில் நம்மவர்கள் விசிலடித்ததை நானும் கண்டேன், நானும் கைதட்டினேன். ஆனால் முயிரிக்கோட்டில் அமர்ந்திருந்த பாஸ்கர ரவிக்கு இராசராசன் யார்? படையெடுத்து வந்த பகைவன். அந்தப் போர்ச் சூழலில் யூத வணிகர்களின் கப்பலும் பொருளும் பெருமாளுக்குத் தேவைப்பட்டிருக்கும், இந்த 72 உரிமைகள் அதற்கான கைம்மாறாக இருக்கலாம் என்பது எம்.ஜி.எஸ். நாராயணனின் கருத்து. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. இந்தச் செப்பேட்டை "கேரளத்தின் சகிப்புத்தன்மைக்குச் சான்று" என்று மட்டும் எழுதிவைப்பதைவிட இது மேலான விளக்கம். 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்கு இதன் பிரதியைப் பரிசளித்தபோதும் சகிப்புத்தன்மையே பேசப்பட்டது. சுங்கத்தையும் துலாக்கூலியையும் பற்றி யார் பேசுவார்கள்?

இரண்டு அரசர்களும் கடல்வணிகரை நடத்திய விதம் ஒன்றாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டில், இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஊர் வழங்குகிறான். விகாரத்தைக் கட்டியவர் கடல்கடந்த ஸ்ரீவிஜய மன்னர். கிழக்கே பௌத்தருக்கு, மேற்கே யூதருக்கு, ஏறக்குறைய ஒரே சமயத்தில். இரண்டுக்கும் முன்னோடியாகக் கொல்லத்தில் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. தாணு ரவியின் ஐந்தாம் ஆண்டில் வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வழங்கியது. அதன் கடைசி ஏட்டில் சாட்சிகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்தில் பாரசீகத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அயர்லாந்தில் கெல்ஸ் நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், கொல்லத்தில் ஒரே செப்பேட்டில் நான்கு மொழிக்காரர் கைபட்டிருக்கிறது. இன்று அந்த ஏடுகள் திருவல்லாவிலும் கோட்டயத்திலுமாகப் பிரிந்து இரண்டு சபைகளின் காப்பில் உள்ளன.

பிரதி என்றால் அருங்காட்சியகக்காரர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. எனக்கு இல்லை. மூல ஏடுகள் அந்தந்தச் சமூகத்தின் வழிபாட்டு உடைமைகள், அவற்றைக் கேட்டு வாங்கி ஓரிடத்தில் வைப்பது நடக்காது, நடக்கவும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிளாடியஸ் புக்கானன் யூதச் செப்பேட்டுக்குச் செம்பிலேயே பிரதி செய்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். 2017-இலும் பிரதி செய்ய முடிந்தது. அப்படியானால் கொச்சியில் ஓர் அறையில் இரண்டு செப்பேடுகளின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மலையாளத்திலும் தமிழிலும் வரிக்கு வரி எழுத்துப்பெயர்ப்பு கொடுத்து, உரக்க வாசித்த ஒலிப்பதிவையும் வைத்தால் என்ன? செலவு பெரிதல்ல. தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை விமானத்தில் அழைத்துவரும் செலவில் பாதி ஆகலாம். அந்த ஒலியில் 'குடுத்தோம்' என்று கேட்கும்போது நம்ம பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி, "நான் இங்கே யார்" என்று பதினான்கு வயதில் கேட்கிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். என் மகளும் கேட்டாள்.

மாளிகைக் காட்சியகங்களை இவ்வளவு சொன்னேன். காக்கநாட்டுக்காரர்களுக்கு ஓர் அருங்காட்சியகம் நடந்துபோகிற தூரத்திலேயே இருக்கிறது, யாரும் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. திருக்காக்கரை வாமனர் கோயில்தான் அது. நம்மாழ்வார் திருவாய்மொழி ஒன்பதாம் பத்தில் பாடிய திருக்காட்கரை. நம்மில் பலர் திவ்யதேசம் என்று சேவித்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஓணத்துக்குக் கூட்டம் தாங்காது. அந்தக் கோயிலில் பாஸ்கர ரவி உள்ளிட்ட பெருமாள்கள் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. இந்தப் பகுதிக்கு அன்று காட்கரை நாடு என்று பெயர். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை நூல்களில் அவை பதிப்பாகியிருக்கின்றன. அந்த வரிசையைத் தொடங்கிவைத்தவர் டி.ஏ. கோபிநாத ராவ், திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் முதல் கண்காணிப்பாளர். செப்பேடு வழங்கிய அரசனும் இந்தக் கல்வெட்டின் அரசனும் ஒருவரே என்பது இன்ஃபோபார்க் பஸ்ஸில் போய்வரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கல்லைத் தொட்டுத் தடவ வேண்டாம், சுண்ணாம்பு, மாவு பூசிப் படிக்கவும் வேண்டாம். கல்வெட்டுத் துறையினர் ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டி மை பூசி மைப்படி எடுப்பார்கள், அது அவர்கள் வேலை. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானாக எழும்பித் தெரியும். முதலில் பவும் வவும் ஒன்று போலத் தோன்றிக் குழப்பும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். கேரளக் கோயில் வழக்கப்படி ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், படம் எடுப்பதற்கு முன் தேவஸ்வக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாவூர்ப் பக்கம் மேதலையில் கல்லில் கோயில் என்ற பாறைக்குடைவு இருக்கிறது. சமணத் தீர்த்தங்கரர்களோடு பத்மாவதி இன்று பகவதியாக வழிபடப்படுகிறாள். அரைநாள் ஒதுக்கினால் பார்த்துவரலாம். சேந்தமங்கலம் யூதப் பள்ளியில் 1269-ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல் ஒன்று உண்டு. ஹில் பாலஸ் திங்கட்கிழமை மூடியிருக்கும். மட்டாஞ்சேரிப் பள்ளிக்குச் சனிக்கிழமை போக வேண்டாம், அன்று அவர்களுக்கு ஓய்வுநாள்.